வேர்த்தா பாஸ்

ஐம்பது வயது வரை எனக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. ஆம்பூரில் பிறந்து ஆம்பூரிலேயே வாழ்க்கைப்பட்டவளுக்கு எங்கிருந்து தெரியும்? மார்கழியில் விடியற்காலைத் தண்ணீர் கொஞ்சம் ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான்தான், பனி கொட்டும் நாடுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் தோல் கையுறை கதகதப்பாக இருக்கிறதா என்று பார்த்து வருஷக்கணக்கில் பாஸ் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

நான் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் பழைய கம்பெனியில் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனேன். செக்கிங் பிரிவில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். உள்ளே இரும்பில் ஒரு கை. அதற்குக் கையுறையை மாட்டிக் கதவை மூடினால் உள்ளே ஐஸ் காற்று அடிக்கிறது, எத்தனை நேரம் சூடு நிற்கிறது என்று வெளியே ஒரு சின்னத் திரையில் எழுத்து ஓடுகிறது. "இது வர்றதுக்கு முன்னாடி எப்படிக்கா சூடு பாத்தீங்க?" என்று அங்கே இருந்த பெண்கள் கேட்டார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. முதலில் நூல் வெட்டுகிற வேலை, பிறகு லைனிங் ஒட்டுகிற வேலை, பிறகு ஃபைனல் செக்கிங். ஃபைனல் செக்கிங் என்றால் கம்பெனியில் மரியாதை. நாங்கள் பார்த்துவிட்டால் நேராகப் பெட்டி, பெட்டியிலிருந்து வேன், வேனிலிருந்து கப்பல். ஒவ்வொரு செக்கருக்கும் ஒரு நம்பர் உண்டு. நாங்கள் பாஸ் பண்ணிய கையுறையின் மணிக்கட்டுப் பக்கம், உள்ளே, நகம் அளவுத் துணியில் அந்த நம்பரைத் தைத்துவிடுவார்கள். என் நம்பர் பதினேழு.

எங்களுக்கு மேலே மேனேஜர் இக்பால் சார். வாணியம்பாடியிலிருந்து தினமும் பைக்கில் வருவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். துடைத்து முடிக்கிற வரை பேச்சு வராது. சின்னப் பெண்ணாக இருந்தாலும் "ம்மா" போட்டு, "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். அவர் ஒரு கையுறையைப் பாராட்ட வேண்டும் என்றால் அவரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் உண்டு. "கச்சிதம்." அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடே தனி ருசி.

செக்கிங் நடப்பது இப்படி. தைத்து வந்த கையுறையை முதலில் சூடான இரும்புக் கையில் மாட்டிச் சுருக்கம் எடுப்பார்கள். அது ஆறியதும் எங்கள் மேசைக்கு வரும். டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துத் தையலைப் பார்ப்போம். ஒவ்வொரு விரலையும் நுனியில் பிடித்து இழுத்து உள்ளே லைனிங் கழன்று வருகிறதா என்று பார்ப்போம். பிறகு நம் கையை உள்ளே விட வேண்டும். அதற்காகவே அளவுக்கு ஏற்ற கை உள்ளவர்களாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். எனக்குப் பெரிய கை. பள்ளிக்கூடத்தில் "ஆம்பளக் கை" என்று கிண்டல் பண்ணினார்கள். அந்தக் கைதான் எனக்கு முப்பத்திரண்டு வருஷம் சோறு போட்டது.

தோல் எல்லாம் ஒன்றுபோல இருக்காது. ஒரே அச்சில் வெட்டினாலும் ஓர் ஆட்டுத் தோல் இழுத்துக் கொடுக்கும், இன்னொன்று கொடுக்காது. அதனால் ஒரே சைஸில் சிலது இறுக்கமாக வரும், சிலது லொடலொடவென்று வரும். விரல் நுனியில் துளி இடம் இருந்தாலும் லூசு என்று சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளிவிடுவோம். தோலோடு தோலாக ஒட்டினால் கச்சிதம்.

கடைசியாக வேர்வை டெஸ்ட். இதைக் கண்டுபிடித்தது இக்பால் சார்தான். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஐந்து ஜோடி எடுப்பார். நாங்கள் மாட்டிக்கொண்டு கையை மேசைமேல் வைத்து உட்கார வேண்டும். மேலே தகரக் கூரை, மே மாத வெயில், ஃபேன் கிடையாது. சார் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஐந்து நிமிஷம் ஆனதும், "கழட்டுங்கம்மா" என்று ஒரு டிஷ்யூ பேப்பரை நீட்டுவார். அதை உள்ளங்கையில் வைத்து அழுத்திக் கொடுத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஈரம் ஊறியிருந்தால் ஒரு தலையாட்டல். "வேர்த்தா பாஸ்மா" என்பார். ஈரம் கம்மியாக இருந்தால் அந்தக் கட்டு முழுக்கத் திரும்பவும் பார்க்க வேண்டும். கோடை முழுக்க எங்கள் கைகளில் வேர்க்குரு. வீட்டில் மாவு பிசையக் கை எரியும். ஆனாலும் பெருமைதான். ஆம்பூரில் இந்த அளவு வேர்க்கிறது என்றால் அந்த ஊரில் எப்படிச் சூடாக இருக்கும் என்று பேசிக்கொள்வோம். அய்யோ, எத்தனை பெரிய மடத்தனம்!

இதில் என் தம்பி குமார் எங்கே வருகிறான் என்று சொல்ல வேண்டும். அவனுக்குக் கொத்தமல்லி, தக்காளி வியாபாரம். விடியற்காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டு தாண்டி மலைப்பாதை ஏறி, ஆந்திராவில் சரக்கு எடுத்து, கடை திறப்பதற்குள் ஆம்பூர் வந்துவிடுவான். மார்கழி, தை மாதங்களில் மலைமேல் பனி மூட்டம். கை மரத்துப் போகிறது என்று புலம்பினான். நான் சாரிடம் கேட்டு, பெருக்கல் குறி போட்ட ஒரு ஜோடியை வாங்கிக் கொடுத்தேன். மற்றபடி தள்ளுபடி கையுறைகளை எல்லாம் பிரித்து, தோலை வெட்டிச் சாவிக்கொத்து பண்ணிவிடுவார்கள்.

இரண்டு வருஷம் அதையே போட்டான். பார்க்கச் சகிக்கவில்லை, நுனியெல்லாம் தொளதொளவென்று. என் தம்பி நான் தள்ளிவிட்ட சரக்கைப் போட்டுக்கொண்டு திரிவதா என்று எனக்கு ரோஷம். ஒரு தீபாவளிக்கு சாரிடம் சொல்லி, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நானே பாஸ் பண்ணிய முதல் தரமான ஜோடி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். கச்சிதமான ஜோடி.

பத்து நாளில் திருப்பிக் கொண்டு வந்துவிட்டான்.

"இது வேணாம்க்கா. கை மரத்துப் போய்டுது. பழசே சூடா கீது."

"இன்னாடா சொல்ற? அது ரிஜக்ட் மால்டா. இது ஃபாரின் போற மால்."

"ஃபாரின் போவட்டும். மலையில ஏறுனா வெரலு உயிரே இல்லாம போய்டுதுக்கா. பழசுல உள்ள கொஞ்சம் வெரல ஆட்ட முடியுது."

"ஓசில குடுத்தா இப்படித்தான் பேசுவ. கொத்தமல்லி விக்கிறவனுக்கு கிளவுஸப் பத்தி இன்னா தெரியும்? எத்தினி வருஷமா நான் அந்த மேசையில குந்தினு கீறேன்!"

அவன் கையுறையைத் திண்டின்மேல் வைத்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். நான் அதை பீரோவில் வைத்துப் பூட்டினேன். யாரிடமும் இதைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

அடுத்த வருஷத் தீபாவளியும் போய், தை மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை, டீ நேரம் முடிந்ததும் இக்பால் சார் என்னை மட்டும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இருபத்து நான்கு வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், நிறுத்தவே இல்லை. பிறகு ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

ஒரு ஆணின் இடது கை. வெளிநாட்டில் எங்கள் சரக்கை வாங்குகிறவர்கள் அனுப்பிய படம், கலரில் பிரிண்ட் எடுத்திருந்தார்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் சிவந்து வீங்கியிருந்தன. நடுவிரலும் மோதிர விரலும் நுனியில் கறுத்திருந்தன. கரி பூசினதுபோல இல்லை, உள்ளேயிருந்தே கறுத்திருந்தன. கையை மடியில் ஒளித்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை.

"தபால் கொண்டு போற ஆளாம்மா. பனியில மூணு மணி நேரம் பைக் ஓட்டியிருக்காரு. வெரலு மரத்தது அவருக்கே தெரியல. நம்ம கிளவுஸ் போட்டிருந்தாரு."

இன்னொரு படத்தையும் வைத்தார். கையுறையின் மணிக்கட்டைப் புரட்டி எடுத்த படம். நகம் அளவுத் துணி. பதினேழு.

"சார், விரலு…"

"எடுக்கணுமா வேணாமான்னு டாக்டருங்க இன்னும் சொல்லலையாம்."

அழுகை வரவில்லை. என் கை போன இடத்தில்தான் அந்தக் கை போயிருக்கிறது. நான் நுனி வரை விரலை விட்டுப் பார்த்து, கச்சிதம் என்று பாஸ் போட்ட கையுறைக்குள் அந்த விரல்கள் செத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

அன்று மாலைக்குள் சார் அதே கட்டிலிருந்து மீந்த ஜோடிகளைக் கொண்டுவரச் சொன்னார். தையலைப் பிரித்துப் பார்த்தார். பஞ்சு சரியாக இருந்தது. தோல் சரியாக இருந்தது. என்னை மாட்டச் சொன்னார். தை மாதத்திலும் மூன்றே நிமிஷத்தில் டிஷ்யூ நனைந்துவிட்டது. அவர் பெருமூச்சு விட்டார்.

"கிளவுஸ்ல ஒண்ணும் தப்பு இல்லம்மா. அந்த ஆளு ஜாஸ்தி நேரம் ஓட்டிட்டாரு. அப்படித்தான் எழுதணும். நீங்க மனச விட்டுடாதீங்க."

நான் தப்பித்துவிட்டேன். அதுதான் உண்மை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், பதினேழாம் நம்பர்மேல் பழி இல்லை. சனிக்கிழமை அதே மாதிரிக் கையுறைகளோடு வேன் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். பெட்டிகள் சுவரோரம் தலை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பாதிக்கு மேல் என் நம்பர்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. குமார் சொன்னானே, சொன்னானே என்று அதுவே காதில் ஓடியது. நேராக என்னிடம் வந்து, மரத்துப் போகிறது என்று சொன்னவனை வாயை அடைத்து அனுப்பினேனே! சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அந்தப் பெட்டிகளில் இன்னும் எத்தனை விரல்கள் இருக்கின்றன? வியாழக்கிழமை மதியம் சாரின் அறைக் கதவைத் தட்டினேன். பீரோவில் இருந்த ஜோடியை மேசைமேல் வைத்து, குமார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எப்ப சொன்னாரு?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு சார்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"எனக்குத்தான் எல்லாம் தெரியும்னு நெனச்சேன் சார்."

"நாளைக்குக் காலையில உங்க தம்பி எத்தன மணிக்குக் கெளம்புவாரு?" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் மூன்று வண்டிகள் கிளம்பின. முன்னால் குமாரின் மொபெட், நடுவில் என் ஸ்கூட்டர், பின்னால் சாரின் பைக். சாரும் நானும் இடது கையில் பாஸ் கையுறை, வலது கையில் பெருக்கல் குறி போட்டது. கிளம்பும்போது இடது கைதான் சுகமாக இருந்தது. வலது கையில் லொடலொடவென்று பிடி நழுவுகிறமாதிரி இருந்தது. பேரணாம்பட்டு தாண்டுகிற வரை நான் மனசுக்குள் குமாரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன்.

மலை ஏற ஆரம்பித்ததும் பனி மூட்டம். முகத்தில் ஈரக் காற்று அறைந்தது. முதலில் இடது கை சில்லென்று ஆனது. நானே வேர்க்க வைத்த வேர்வை உள்ளே குளிர ஆரம்பித்திருந்தது. பிறகு விரல் நுனி ஊசி குத்துவதுபோல வலித்தது. பிறகு வலி நின்றுவிட்டது. அப்பாடா, பழகிவிட்டது என்று நினைத்தேன். அந்த நிமிஷத்தை மறக்கவே முடியாது. வலி நின்றதற்குச் சந்தோஷப்பட்டேன்!

ஒரு வளைவில் எதிரே தக்காளி லாரி. பிரேக் பிடி என்று மூளை சொல்கிறது, இடது கை கேட்கவில்லை. விரல்கள் பிரேக்கின்மேல் இருக்கின்றன, எனக்கே தெரிகிறது, ஆனால் மடங்கவில்லை. வலது கை தானாக மடங்கிப் பிடித்தது. வண்டி சறுக்கி, காலைத் தரையில் தேய்த்து, மண்ணில் போய் நின்றது. லாரிக்காரன் தெலுங்கில் கத்திவிட்டுப் போனான். குமார் ஓடி வந்தான்.

"அக்கா! அடி பட்டுச்சா?"

"வெரலு மடங்கலடா," என்றேன். "குமாரு, வெரலு மடங்கலடா."

பின்னால் சார் வண்டியை நிறுத்தியிருந்தார். இறங்கி வரவில்லை. இடது கை கிளட்சிலிருந்து வரவில்லை அவருக்கு. வலது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். அந்த வலது கை நன்றாக இருந்தது. பெருக்கல் குறி போட்ட கை.

குமார் எங்கள் இருவர் கையையும் தன் சட்டைக்குள், அக்குளில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு பக்கம் மேனேஜர், ஒரு பக்கம் அக்கா. உயிர் திரும்பும்போது வலித்த வலியில் எனக்குக் கண்ணீர் கொட்டியது.

"டைட்டா இருந்தா உள்ள பஞ்சு நசுங்கிப் போய்டுது சார்," என்றான் குமார். "ரத்தமும் ஓடாது. வெரலுக்கும் துணிக்கும் நடுவுல கொஞ்சம் காத்து நிக்கணும். அதான் சூடு. இத இந்த ரூட்ல ஓட்டுற யாரு வேணாலும் சொல்லுவாங்க."

"யாரையும் கேக்கலப்பா," என்றார் இக்பால் சார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "வேர்த்தா பாஸ்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். டைட்டா இருக்குறதுதான் சீக்கிரம் வேர்க்கும். வேற இன்னா ஆகும்?"

எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. குளிர் தாங்காத கையுறைதான் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே முதல் மார்க் வாங்கியிருக்கிறது. குளிர் தாங்குகிறதை எல்லாம் நான் பொறுக்கி எடுத்துச் சாவிக்கொத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் வேறு புகாரே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்திருக்கலாம். எங்கள் மேசை வரை வரவில்லை.

சனிக்கிழமை வேன் போகவில்லை. சார் முதலாளியிடம் நின்று என்ன பேசினார் என்று தெரியாது. வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தபால்காரருக்குப் போன கடிதத்தில் செக்கரின் நம்பரை அவர் எழுதவில்லை. டெஸ்ட் வைத்தது நான், தப்பு என்னுடையது என்று தன் பெயரைப் போட்டு எழுதினார். அந்தக் கையின் அளவை அனுப்பினால் புது ஜோடி தைத்துத் தருகிறோம் என்றும் எழுதினார். விரல் நுனியில் இடம் விட்டுப் புது அச்சு வெட்டினார்கள். கச்சிதம் என்ற வார்த்தை எங்கள் பிரிவில் அதோடு போயிற்று.

மூன்று மாதம் கழித்து ஒரு கவர் வந்தது. கையுறைக்கு அளவு எடுப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். காகிதத்தில் கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போடுவது. வலது கை ஒரு காகிதம். முழுசாக இருந்தது. இடது கை ஒரு காகிதம். பெருவிரலைச் சுற்றி ஏறி இறங்கிய கோடு, ஆள்காட்டி விரலைச் சுற்றி ஏறி இறங்கி, நடுவிரலில் பாதி ஏறியதும் வளைந்து இறங்கிவிட்டது. மோதிர விரலிலும் அப்படியே. சுண்டு விரலில் மறுபடி முழுசாக ஏறியிருந்தது.

செக்கிங் ஹாலில் தையல் மெஷின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் அந்தக் கோட்டின்மேல் என் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தேன்.

அந்த ஜோடியைக் கம்பெனியிலேயே நல்ல கட்டர் வெட்டினார், நல்ல டெய்லர் தைத்தார். என் மேசைக்கு வந்தபோது, "வேற யாராச்சும் பாக்கட்டும்மா, நீங்க விடுங்க," என்றார் சார். நான் கேட்கவில்லை. "இதுலயும் பதினேழுதான் தைக்கணும் சார்," என்றேன். அவர் துணியை எடுத்துக் கொடுத்தார்.

டியூப் லைட்டில் தையலைப் பார்த்தேன். சரியாக இருந்தது. லைனிங்கை இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிறகு எப்போதும்போல இடது கையை உள்ளே விட்டேன். பாதிக்கு மேல் போகவில்லை. நடுவிரலும் மோதிர விரலும் முட்டி நின்றன. மற்ற மூன்றும் நுனியைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன. எத்தனையோ ஆயிரம் கையுறைக்குள் போய் வந்த கை, அந்த ஒன்றுக்குள் போகவில்லை. கடைசியில் அந்த இரண்டு விரல்களையும் உள்ளங்கையோடு மடக்கிக்கொண்டு மாட்டினேன். மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சித்திரை வெயில். உள்ளங்கையில் வேர்வை கசகசவென்று ஊறுவது தெரிந்தது. சார் எதிரில்தான் நின்றார். டிஷ்யூ பேப்பரை நீட்டவில்லை.